தொட்டியைக் கொட்ட வைப்பதற்கு எத்தனை மார்க்?

பழநிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயக்குடியை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காகத் தெரிந்து வைத்திருப்பார்கள். ஒன்று கொய்யா. இன்னொன்று, அரசுத் தேர்வு எழுதுகிறவர்கள் பஸ் பிடித்து வந்து மரத்தடியில் உட்கார்ந்து படிக்கும் இலவசப் பயிற்சி மையம். அங்கே யாரைக் கேட்டாலும் கணக்குச் சொல்வார்கள்: குரூப் 4 என்றால் 200 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம். வட்டத்தைக் கறுப்பாக்கிக் கொடுத்தால் மெஷின் திருத்திவிடும். திருத்தியவர் யார், அன்றைக்கு அவர் என்ன மனநிலையில் இருந்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதே மாதிரி ஒரு தேர்வில் நல்ல மார்க் வாங்கிச் சுகாதார ஆய்வாளராக வேலைக்கு வந்த ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். ஐப்பசி மழை விட்டிருக்கிறது. ஒரு வீட்டின் பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீருக்குள் புழுக்கள் நெளிகின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றி இவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டு அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கொட்ட முடியாது தம்பி" என்கிறார். இவர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு வெளியே வருகிறார். தொட்டி அப்படியே இருக்கிறது.

"நல்லா மார்க் வாங்குறான், நாலு பேர்கிட்ட பேசத்தான் வரல" என்று நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம்! அந்த 'பேச வருவது' எவ்வளவு என்று எண்ணால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எதை வைத்து?

கேட்டால் சொல்லிவிடலாம்

முதலில் சுலபமானதைப் பார்த்துவிடுவோம். சுகாதார ஆய்வாளர் ஒரு பகுதியில் 100 வீடு பார்க்கிறார். தொட்டி, டிரம், குடம், ஆட்டுக்கல், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி என்று தண்ணீர் நிற்கும் இடங்கள் 300 தேறுகின்றன. 8 வீடுகளில், மொத்தம் 12 பாத்திரங்களில் புழு இருக்கிறது. நூற்றுக்கு எட்டு வீடு என்பதால் வீட்டுக் குறியீடு 8. முந்நூற்றில் பன்னிரண்டு என்பதால் பாத்திரக் குறியீடு 4. நூறு வீட்டுக்கு எத்தனை புழுப் பாத்திரம் என்பதைச் சொல்வது பிரெட்டோ குறியீடு, அது 12. களத்தில் இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் மவுசு அதிகம்.

இதைக் கேள்வித்தாளில் கேட்கலாம். முட்டை கொசுவாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்கலாம் (சூடான காலத்தில் ஏழு முதல் பத்து நாள்; அதனால்தான் வாரம் ஒருமுறை கொட்டச் சொல்கிறார்கள்). தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தையும் தேய்க்க வேண்டும் என்று ஏன் சொல்கிறோம் என்று கேட்கலாம். ஏடிஸ் தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். படித்தவர்கள் சரியான விடையைக் கறுப்பாக்கிவிடுவார்கள்.

அறிவை அளப்பதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அதற்குப் பக்கத்தில் நிற்கும் நாலைந்து விஷயங்களில்தான். தன்னிடம் வரும் தகவலைச் சந்தேகப்பட்டுப் பார்ப்பது, எதிராளிக்குப் புரியும்படி பேசுவது, வேறு துறைக்காரரோடு சேர்ந்து வேலை செய்வது, புதிய மென்பொருள் வந்தால் பயப்படாமல் கற்றுக்கொள்வது. அமெரிக்காவில் 2002-ல் தொடங்கிய ஒரு கூட்டமைப்பு இவற்றுக்கு 'இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள்' என்று பெயர் சூட்டிப் பரப்பியது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் வந்தபின் கல்லூரி வாசல் வரை இந்தப் பேச்சு வந்துவிட்டது. கர்ப்பிணிகளைப் பதிந்து 'பிக்மி' எண் கொடுக்கும் கிராம சுகாதார செவிலியரை ஒருநாள் பின்தொடர்ந்து பாருங்கள். மேலே சொன்ன அத்தனையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவருக்குத் தேவைப்பட்டுவிடும்.

நீங்களே சொல்லுங்கள்

இந்தத் திறன்களை அளக்க உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் முதலில் கையில் எடுப்பது ஒரு படிவத்தைத்தான். 'என்னால் குழுவில் நன்றாக வேலை செய்ய முடியும்' என்று ஒரு வரி. எதிரே ஐந்து கட்டங்கள். முழுவதும் மறுக்கிறேன் என்பதில் தொடங்கி முழுவதும் ஒப்புக்கொள்கிறேன் என்பதில் முடியும். 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மனப்பான்மையை அளக்கக் கண்டுபிடித்த முறை இது. இன்றைக்கு ஹோட்டல் பில்லோடுகூட வருகிறது. பொது சுகாதார மாணவர்களின் திறனை அளக்கவும் இதுவே பெரும்பாலும் கைகொடுக்கிறது. செலவு குறைவு, ஒரு வகுப்பையே இருபது நிமிடத்தில் அளந்து முடித்துவிடலாம்.

எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். மாணவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை இது சொல்லும். அவரால் என்ன முடியும் என்பது வேறு கேள்வி. 1999-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டன்னிங், குரூகர் இருவரும் மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் முதலியவற்றில் தேர்வு வைத்து, "உன்னைவிடக் கீழே எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டார்கள். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள், நூற்றில் அறுபது பேருக்கு மேல் தங்களுக்குக் கீழே இருப்பதாக நினைத்திருந்தார்கள். உண்மையில் இருந்தது பன்னிரண்டு பேர் அளவில். முதல் கால்பங்கு மாணவர்களோ தங்களைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள்.

நம்மூர் வகுப்பறையில் இன்னொன்றும் சேரும். படிவத்தைக் கொடுப்பவர் வாத்தியார். திரும்ப வாங்கப் போகிறவரும் அவரே. பெயர் எழுத வேண்டாம் என்றுதான் சொல்வார், ஆனால் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? எதற்கு வம்பு என்று எல்லா வரிக்கும் ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போவார்கள். இதைப் பிடிக்க, நடுநடுவே தலைகீழ் வரிகளை வைப்பார்கள்: 'குழுவில் வேலை செய்தால் எனக்கு எரிச்சல் வரும்'. அதற்கும் ஐந்தாவது டிக் விழுந்தால் அந்தப் படிவத்தை ஒதுக்கி வைக்கலாம்.

படிவத்தின் தரத்தைச் சொல்ல ஆய்வுக் கட்டுரைகளில் ஓர் எண் தவறாமல் வரும். லீ கிரான்பாக் 1951-ல் தந்த 'ஆல்ஃபா' அது. ஒரே திறனைப் பற்றிக் கேட்கும் பத்து வரிகளுக்கும் ஒருவர் ஒன்றுபோல் பதில் சொல்கிறாரா என்பதை அது காட்டும். ஒன்றுக்கு நெருங்க நெருங்க, வரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று பொருள். பத்துக் கேள்விக்கும் ஒரே பொய்யைச் சீராகச் சொன்னாலும் ஆல்ஃபா பிரமாதமாக வரும் என்பதைக் கட்டுரைகள் சொல்வதில்லை. திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே விடை வருவதை நம்பகம் என்போம். அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பதைச் செல்லுபடி என்போம். நம்பகம் இருந்து செல்லுபடி இல்லாத அளவைகள் நிறைய உண்டு.

படிவத்தின் குழப்பங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. பேச்சுத் திறன் பயிற்சிக்கு முன் மாணவர் தனக்கு ஐந்துக்கு நாலு போட்டுக்கொள்கிறார். மூன்று மாதம் களத்தில் அலைந்து, நாலு வீட்டில் திட்டு வாங்கி, கற்றுக்கொண்டு திரும்புகிறார். அதே கேள்விக்கு இப்போது மூன்று போடுகிறார். பயிற்சியால் திறன் குறைந்துவிட்டதா? நல்ல பேச்சு என்றால் என்ன என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. அளவுகோலே நீண்டுவிட்டது. 1970களின் கடைசியிலேயே உளவியல் ஆய்வாளர்கள் இதைக் கவனித்து ஒரு வழி சொன்னார்கள்: பயிற்சி முடிந்தபின், "இப்போது எப்படி? மூன்று மாதத்துக்கு முன் உண்மையில் எப்படி இருந்தீர்கள்?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போது பழைய நாலு, கூச்சத்தோடு இரண்டாகும்.

செய்து காட்டு

1990-ல் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் நாலு படி வரைந்தார். தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்ட முடியும், நிஜத்தில் செய்கிறார். வினாத்தாள் முதல் இரண்டு படியோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது படிக்கு அதற்கு 15 ஆண்டுகள் முன்பே, 1975-ல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் ஒரு தேர்வு முறையை எழுதி வைத்திருந்தார். மாணவர்கள் வரிசையாகச் சில 'நிலையங்களுக்கு'ப் போவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, சில நிமிடம், பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தேர்வாளர், அவர் கையில் எல்லா மாணவருக்கும் பொதுவான ஒரு பட்டியல். சில நிலையங்களில் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்திருப்பார். நம் மருத்துவக் கல்லூரிகளில் இது இப்போது பழகிப்போன சங்கதி.

முதலில் பார்த்த அந்தச் சிமெண்டுத் தொட்டியை இப்படி ஒரு நிலையமாக்கிப் பார்ப்போம். எட்டு நிமிடம். ஒரு தொட்டி, அதில் நிஜப் புழு. வீட்டுக்காரம்மாவாக நடிக்கத் தெரிந்த ஒருவர். அவருக்கு நாம் கொடுத்திருக்கும் வசனம்:

"போன வாரந்தேன் ஒருத்தரு வந்து மருந்த ஊத்திட்டுப் போனாரு. நாலு நாளைக்கு ஒருக்காதேன் தண்ணி வருது. இதையும் கொட்டிப்புட்டு நான் யாரு வீட்டுக்குக் கொடத்தத் தூக்கிட்டுப் போறது? நீ கொண்டாந்து குடுப்பியா?"

முதல் மாணவர் டெங்குவின் அறிகுறிகளை ஒப்பிக்கத் தொடங்குகிறார். இரண்டாமவர் சட்டத்தை எடுக்கிறார்: "கொட்டலைன்னா அபராதம் போடுவோம்மா." அவர் சொல்வது பொய்யில்லை. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று 1939 முதலே தனிச் சட்டம் இருக்கிறது, உள்ளாட்சிகள் அபராதம் விதிக்கவும் செய்கின்றன. நடிக்கும் அம்மாளும் பயந்து தொட்டியைக் கவிழ்க்கிறார். இரண்டே நிமிடம். மூன்றாமவர் தொட்டி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, "அடுத்து தண்ணி என்னைக்குக்கா வரும்?" என்கிறார். நாளை மறுநாள் என்றதும், "அப்ப இன்னைக்கு எல்லாத்தையும் கொட்ட வேணாம். வேட்டித் துணி இருந்தா குடுங்க, வடிகட்டிக் கொடத்துல புடிச்சு வச்சுக்கலாம். தொட்டி ஓரத்த மட்டும் நாரப் போட்டுத் தேச்சுருவோம். நாளன்னிக்கு ரொப்புனதும் மேல துணியக் கட்டிருங்க" என்கிறார்.

யாருக்கு எத்தனை மார்க்? தொட்டி காலியானதை மட்டும் பார்த்தால் அபராதக்காரருக்கே முதலிடம். அடுத்த வாரம் அந்த வீட்டுக் கதவு திறக்குமா என்று கேட்டால் நிலைமை மாறும். பட்டியலில் என்ன வரிகளை வைக்கப் போகிறோம் என்பது அறிவியலுக்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவு. எதை நல்ல வேலை என்று நினைக்கிறோமோ அதைத்தான் அளப்போம்.

இரண்டு தேர்வாளர்கள், ஐம்பது மாணவர்கள்

ஒரே பட்டியல் கையில் இருந்தாலும் இரண்டு தேர்வாளர்கள் ஒன்றுபோல் பார்ப்பார்களா? ஆயக்குடிச் சந்தையில் ஒரே கொய்யாப் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு இரண்டு வியாபாரிகள் இரண்டு விலை சொல்வதில்லையா? இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை.

பட்டியலில் ஒரு வரி: 'வீட்டாரின் கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்.' ஆம், இல்லை என்று இரண்டே பதில். 50 மாணவர்களை இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இருவருமே 40 பேருக்கு ஆம், 10 பேருக்கு இல்லை போடுகிறார்கள். ஆகா, ஒத்துப்போகிறதே என்று தோன்றும். பெயர்ப் பட்டியலை வைத்துச் சரிபார்த்தால், இருவரும் ஆம் என்றது 36 பேருக்கு. இருவரும் இல்லை என்றது 6 பேருக்கு. மிச்சம் 8 பேர் விஷயத்தில் ஒருவர் ஆம், மற்றவர் இல்லை. 50-ல் 42 பேருக்கு ஒத்த கருத்து, அதாவது 84 சதவீதம்.

ஒரு குறும்பு செய்து பார்ப்போம். இரண்டு தேர்வாளர்களும் மாணவர்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு 40 ஆம், 10 இல்லை என்று இறைத்திருந்தால்? முதலாமவர் ஆம் போட்ட 40 பேரில் பத்துக்கு எட்டு பேருக்கு, அதாவது 32 பேருக்கு, இரண்டாமவரின் ஆமும் தற்செயலாக விழுந்திருக்கும். முதலாமவர் இல்லை போட்ட 10 பேரில் பத்துக்கு இரண்டு பேருக்கு, அதாவது 2 பேருக்கு, இரண்டாமவரின் இல்லையும் விழுந்திருக்கும். ஆக 34 பேர் விஷயத்தில் சும்மாவே ஒத்துப்போயிருக்கும்!

பார்த்துப் போட்டதால் கிடைத்த லாபம் 42-லிருந்து 34 போக 8. கிடைத்திருக்கக்கூடிய முழு லாபம் 50-லிருந்து 34 போக 16. பாதிதான் தேறியிருக்கிறது. இந்தப் பாதிக்கு, 0.5-க்கு, 'கப்பா' என்று பெயர். 1960-ல் ஜேக்கப் கோஹன் கொடுத்தது. 84 சதவீதம் என்று மார்தட்டியது, தற்செயலைக் கழித்ததும் நடுத்தரமாகிவிட்டது.

இனி அந்த எட்டு பேரின் வீடியோவைப் போட்டு இரண்டு தேர்வாளர்களும் சேர்ந்து பார்க்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டே நின்ற மாணவருக்கு ஒருவர் ஆம் போட்டிருப்பார். எதிர்க்கேள்வி கேட்காதவர் கேட்டதாகக் கணக்கில்லை என்று மற்றவர் இல்லை போட்டிருப்பார். வரி மங்கலாக இருந்திருக்கிறது. அதை 'தண்ணீர் எந்த நாளில் வரும் என்று விசாரித்தார்' என்று மாற்றினால் கப்பா விறுவிறுவென்று ஏறும்.

ஏறட்டும். ஆனால் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குச் சீனியர்கள் சொல்லிவைத்திருப்பார்கள்: "தொட்டி ஸ்டேஷன்ல தண்ணி என்னைக்கு வரும்னு கேட்டுருடா, ஒரு மார்க்." உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்து விழும், பதிலை யாரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். வரியைக் கூர்மையாக்கினால் நம்பகம் கூடுகிறது, செல்லுபடி தேய்கிறது. அதனால்தான் பல இடங்களில் பட்டியலோடு, "மொத்தத்தில் இவரை உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சம்மதமா?" என்ற தோரணையில் ஒரே ஒரு முழு மதிப்பீட்டையும் சேர்த்து வாங்குகிறார்கள். அனுபவமுள்ள தேர்வாளரின் அந்த ஒற்றை மதிப்பீடு நீளமான பட்டியலுக்கு இளைத்ததில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

ஒரு நிலையம் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொட்டி வீட்டில் வெளுத்து வாங்கியவர், பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்கிற அப்பாவிடம் திணறலாம். பேச்சுத் திறன் என்று ஒரு பொதுச் சரக்கு உள்ளே இருக்கிறது, எங்கும் ஒரே அளவில் ஊற்றலாம் என்று நினைத்தது சரிவரவில்லை. ஏழெட்டு நிலையமாவது வைத்தால்தான் ஆளைப் பற்றி ஏதாவது சொல்லலாம். செலவுக்கு யாரிடம் போவது என்று கல்லூரி முதல்வர்கள் கேட்பார்கள்.

சேர்ந்து செய்ததை யார் கணக்கில் எழுதுவது?

கூட்டுவேலையை அளப்பது இன்னும் சங்கடம். பல நாடுகளில் பதினைந்து வயது மாணவர்களுக்கு நடக்கும் பீசா தேர்வு 2015-ல் இதற்குத் துணிந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கூட்டாளி வேண்டுமே என்று, கூட்டாளியாகக் கணினி நிரலையே உட்கார வைத்தார்கள். மாணவர் திரையில் அதோடு பேசிப் புதிரை விடுவிக்க வேண்டும். சிங்கப்பூர் முதலில் வந்தது. அளவை சீராகத்தான் இருந்தது. ஆனால் கோபித்துக்கொள்ளாத, டீ குடிக்கப் போய்விடாத கூட்டாளியோடு செய்வதைக் கூட்டுவேலை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சக மாணவர்களையே மார்க் போடச் சொல்லலாம்தான். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பத்துக்குப் பத்து போட்டுக்கொள்வார்கள்.

களத்தில் குழு என்பது ஒரே வகுப்பு, ஒரே வயது இல்லை. கொசுவை ஒழிக்கும் ஆய்வாளருக்குக் குப்பை அள்ளப் பேரூராட்சி ஆட்கள் வேண்டும்; அவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இல்லை. எந்த வீட்டில் காய்ச்சல் என்று கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். 2021 ஆகஸ்ட் முதல் வீடு தேடிப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண்களுக்கு அதைவிட முன்னாலேயே தெரியும். இவர்கள் எல்லோரிடமும் போய், "நேற்று வந்த பயிற்சி மாணவர் உங்களிடம் என்ன கேட்டார், சொன்ன நேரத்துக்கு வந்தாரா, மறுபடி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். ஐந்து கட்டப் படிவத்தைவிட அதிகம் கிடைக்கும்.

ஆத்தூர் காட்டிய நாலாவது படி

ஆயக்குடி இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. மருத்துவர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தை ஒட்டி, ஆத்தூர் வட்டாரத்தில் 1959-ல் ஒரு சோதனைச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1964-ல் வந்த காந்திகிராம ஊரக சுகாதார, குடும்பநல அறக்கட்டளை நிறுவனத்தில் இன்றைக்கும் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெறுகிறார்கள். அன்றைக்கு ஆத்தூரில், வந்து போன பணியாளர் எத்தனை மார்க் வாங்கினார் என்பதோடு விஷயம் முடியவில்லை. வட்டாரத்தின் பிறப்பு விகிதம் என்ன ஆயிற்று என்று ஆண்டுக்காண்டு எண்ணிப் பார்த்தார்கள்.

அதே 1959-ல், ஆத்தூரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லாத டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பயிற்சிகளை நாலு கட்டமாக மதிப்பிடலாம் என்று எழுதினார். பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, கடைசியில் விளைவு என்ன? அரசுப் பயிற்சி எதற்காவது போய் வந்தவர்களுக்குத் தெரியும், நாம் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே, சாப்பாடு எப்படி இருந்தது என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

கடைசிக் கட்டத்துக்குப் போகத் துணிந்தால் ஒரு வம்பு காத்திருக்கிறது. நல்ல மார்க் வாங்கிய மாணவரின் வார்டில் பிரெட்டோ குறியீடு 12-லிருந்து 4-க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அவர் பேசியதாலா, மழை நின்றுபோனதாலா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான். ஒரே மழை பெய்கிற, ஒரே நாளில் தண்ணீர் விடுகிற பல வார்டுகளை எடுத்துக்கொண்டு, எந்த மாணவர் எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். ஒரு மாதம் கழித்து, அவர்களின் நிலைய மார்க் என்னவென்று தெரியாத வேறொருவர் போய்ப் பாத்திரங்களை எண்ண வேண்டும். நிலையத்தில் மார்க் கூடியவர்களின் வார்டுகளில் புழு குறைந்திருந்தால், அந்த எட்டு நிமிடத் தேர்வுக்குச் செல்லுபடி உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம். ஒரு வார்டில் பஞ்சர் கடை இருந்து, கூரை மேல் பழைய டயர் நாற்பது கிடந்தால் கணக்கு கெட்டுவிடும். கடைகளைத் தனியாக எண்ணுங்கள்.